நீச்சல் தெரிந்த பிள்ளைக்கும் லைஃப் ஜாக்கெட் எதற்கு?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அல்கோன்குயின் பூங்கா போன்ற இடங்களில், பள்ளிப் பிள்ளைகள் துடுப்புப் படகில் போய் ஏரிக்கரையில் கூடாரமடித்துத் தங்கிவருவது கோடை வழக்கம். பிள்ளைக்கு நீச்சல் தெரியும் என்றால் வீட்டார் நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த நிம்மதி சரிதானா என்று சேர்ந்து பார்ப்போம்.

அந்த ஏரிகளில் பனிக்கட்டி உருகவே ஏப்ரல் கடைசி, மே தொடக்கம் ஆகிவிடும். ஜூனில் வெயில் சுள்ளென்று அடித்தாலும் தண்ணீரின் குளிர் லேசில் விடாது. மார்கழி விடியலில் முதல் சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றியதும் நம்மை அறியாமல் மூச்சை உள்ளே இழுக்கிறோம் அல்லவா? ஏரியில் விழும்போது அதுவே பல மடங்காக வரும். அந்த நொடியில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் மூச்சோடு தண்ணீரும் உள்ளே போகும். நல்ல நீச்சல்காரராலும் இதை அடக்க முடியாது.

மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் இதற்கு ஒரு கணக்கு தருகிறார். கடுங்குளிர் நீரில் மூச்சு சீராக 1 நிமிடம். கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம். நினைவு தப்பச் சுமார் 1 மணி நேரம். நாம் அஞ்சுவது அந்த 1 மணி நேரத்துக்கு. பலர் அதுவரை போவதே இல்லை. முதல் நிமிடத்தில் முகத்தை நீருக்கு மேல் வைத்திருப்பது லைஃப் ஜாக்கெட்தான். விழுந்தபின் மாட்டிக்கொள்ளலாம் என்று அதைப் படகில் போட்டுவைப்பதில் பயனில்லை.

ஜாக்கெட் மட்டும் போதுமா? 1978 ஜூன் 11 அன்று டிமிஸ்காமிங் ஏரியில் பள்ளிப் பயணம் ஒன்றின் படகுகள் கவிழ்ந்து 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இறந்தார்கள். ஜாக்கெட் அணிந்திருந்தும் குளிர் அவர்களை விடவில்லை. தண்ணீரிலிருந்து சீக்கிரம் வெளியேறத் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் கிளம்பும் முன்பே, ஆழமில்லாத, அலையில்லாத இடத்தில் பிள்ளைகளே படகைக் கவிழ்த்துப் பழக வேண்டும். விழுந்தவர் படகை விட்டு நீந்திப் போகக் கூடாது. உதவ வருபவர் கவிழ்ந்த படகைத் தம் படகின் குறுக்கே இழுத்து, நீரை வடித்து, நிமிர்த்தி இறக்கி, விழுந்தவர் ஏறும்வரை பிடித்துக்கொள்வார். கை தானாகச் செய்யும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

மற்றவை எளியவை. ஏரியைக் குறுக்கே வெட்டாமல் கரையோரம் போவது, பிற்பகல் காற்று கிளம்பும் முன் கூடாரமடிப்பது, மாற்றுத்துணியை நீர்புகாப் பையில் வைப்பது, இருட்டில் தண்ணீர் மொள்ள இருவராகப் போவது.

உங்கள் பிள்ளையை அனுப்பும் முன், படகைக் கவிழ்த்துப் பழக்கினார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால், பழக்கும்வரை அனுப்பாதீர்கள்.