‘கல்யாணமே ஆகலை... எதுக்கு இந்த ஊசி?’ - ஹெச்.பி.வி. தடுப்பூசியும் 26 வயசுக் கணக்கும்

மயிலாப்பூரில் ஒரு கிளினிக். “ஹெச்.பி.வி. ஊசி போடணும்” என்று சொன்ன என் தோழியிடம் ரிசப்ஷனில் கேட்ட முதல் கேள்வி, “கல்யாணம் ஆயிடுச்சாம்மா?” வீட்டிலும் அதே கதைதான். “கல்யாணமே ஆகலை, இப்ப எதுக்குடி?”

உண்மையில், அதனால்தான் இப்பவே போடணும். ஹெச்.பி.வி. பாலுறவு மூலம் பரவும் மிகச் சாதாரணமான வைரஸ். இந்த ஊசி, தொற்று வராமல் தடுக்கும். ஏற்கெனவே வந்த தொற்றை விரட்டாது. அதனால்தான் 9 முதல் 14 வயது வரை சிறந்த காலம் என்கிறார்கள். தொற்று வந்தாலே புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் ஓரிரு வருஷத்தில் உடம்பே அதைச் சரிசெய்துவிடும். போகாமல் தங்கிவிடும் சில வகைகள்தான் வில்லன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு 16, 18 என்ற இரண்டு வகைகளே காரணம்.

2022-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வந்ததாக மதிப்பீடு. இறந்தவர்கள் ஏறக்குறைய 80 ஆயிரம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் பதிவேட்டைப் பார்த்தால், 1980-களில் சென்னைப் பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது இதுதான். இப்போது அந்த இடம் மார்பகப் புற்றுநோய்க்கு.

எவ்வளவு செலவாகும்?

14 வயது மாணவிகளுக்கு இலவசமாகப் போட, தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. வேலைக்குப் போகும் நமக்கு? சொந்தக் காசுதான். சீரம் நிறுவனத்தின் ‘செர்வாவேக்’ ஒரு டோஸ் சுமார் 2,000 ரூபாய். ஒன்பது வகைகளைத் தடுக்கும் ‘கார்டசில் 9’ என்றால் ஒரு டோஸே 10,000-ஐத் தாண்டும். 15 வயதுக்கு மேல் மூன்று டோஸ்: முதல் ஊசி, இரண்டு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. ஆக, செர்வாவேக் மொத்தமே ஒரு சுமாரான மொபைல் விலைதான்.

26 தாண்டிட்டா பலன் குறையும். ஆனாலும் 45 வரை டாக்டரிடம் பேசி முடிவெடுக்கலாம். ஆண்களும் போடலாம்; தொண்டை, ஆசனவாய்ப் புற்றுநோய்களிலும் இந்த வைரஸுக்குப் பங்கு உண்டு. (பசங்களிடம் மட்டும் ‘கல்யாணம் ஆச்சா’ன்னு கேட்பாங்களா தெரியல!)

ஊசி போட்டாலும் 30 வயசுக்கு மேல் ஸ்கிரீனிங் கட்டாயம், எல்லா வகைகளையும் ஊசி தடுக்காது. திண்டுக்கல் மாவட்டத்தில் நர்ஸ்கள் அசிட்டிக் அமிலம் தடவிச் செய்த ஒரே ஒரு முறைப் பரிசோதனையே இந்த நோயால் வரும் மரணங்களை 35 சதவீதம் குறைத்தது. 2007-ல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு இது.

கர்ப்பமாக இருந்தால் ஊசியைத் தள்ளிப்போடுங்கள். போட்டதும் 15 நிமிஷம் அங்கேயே உட்காருங்கள், சிலருக்குத் தலைசுற்றும்.