தாழ்ந்த தந்தியும் ஒலிநெருக்கியும்

ஒலிவாங்கியின் முன் பேசுபவர் ஒரு சொல்லை மெல்லவும் மற்றொன்றை உரக்கவும் கூறுவது இயல்பு. மெல்லிய சொல் இரைச்சலில் அமிழ்ந்துவிடும். உரத்த சொல்லோ பரப்பியின் எல்லையை மீறிச் சிதறும். கட்டுப்பாட்டு மேசையில் இருப்பவர் குமிழைத் திருப்பி இவ்விரண்டையும் சமன் செய்வார். ஆயினும் காது கேட்ட பின்னரே கை நகரும். அத்தாமதத்தைப் போக்கும் பொருட்டு, தானே கேட்டுத் தானே தணிக்கும் கருவிகள் ஒலிபரப்பு நிலையங்களிற் புகுந்தன. 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் வெளியிட்ட 110-ஏ என்னும் கருவி அவற்றுள் முந்தியவற்றில் ஒன்று. இவ்வகைக் கருவியைக் கொம்பிரசர் என்பர். தமிழில் ஒலிநெருக்கி எனலாம்.

ஒலிபரப்பில் வளர்ந்த இந்த உத்தி, 1970களில் கிற்றார் வாசிப்போரின் காலடிக்கு வந்து சேர்ந்தது. சிறியதோர் உலோகப் பெட்டி, காலால் மிதித்து இயக்கும் ஆளி, 9 வோல்ற்று மின்கலம்: இவ்வளவே அதன் தோற்றம். அதன் தொழிலும் எளியதே. குறித்த ஒரு மட்டத்துக்கு மேல் ஒலி உயரும்போது அவ்வுயர்வை அது ஒடுக்குகின்றது. நான்குக்கு ஒன்று என அமைத்தால், அம்மட்டத்துக்கு மேல் உள்ளே 4 டெசிபெல் ஏறும் ஒலி வெளியே 1 டெசிபெல் மட்டுமே ஏறும். பின்னர் முழு ஒலியும் சற்று உயர்த்தப்படுவதால், மெலிந்து செல்லும் நாதம் நீண்டு நிற்பதுபோற் கேட்கும்.

இங்கே ஒரு சிக்கல் எழுகின்றது. வாத்தியங்கள் பழைய அளவில் நிற்கவில்லை. 1951இல் பெண்டர் நிறுவனம் வெளியிட்ட பேஸ் கிற்றாரில் நான்கு தந்திகளே இருந்தன; அவற்றுள் மிகத் தாழ்ந்தது செக்கனுக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்ந்தது. 1975இல் அன்ரனி ஜாக்சன் என்னும் கலைஞரின் வேண்டுகோளின்படி கார்ல் தொம்சன் ஆறு தந்திப் பேஸ் ஒன்றை ஆக்கினார். அதன் தாழ்ந்த தந்தியின் மீடிறன் 31 ஹேர்ட்ஸ். 1990இல் ஐபனேஸ் நிறுவனம் ஸ்ரீவ் வாய் என்பவருக்காக அமைத்த ஏழு தந்திக் கிற்றாரில் 82 ஹேர்ட்ஸ் என்ற பழைய எல்லை 62க்கு இறங்கிற்று. எட்டுத் தந்திக் கிற்றாரில் அது 46 வரை செல்லும்.

மீடிறன் தாழ்ந்தால் ஒலிநெருக்கிக்கு வரும் இடர் யாது? முதலாவது, தாழ்ந்த தந்தி வலிய மின்னலையை எழுப்புவது. கருவி அந்த வலிமையைக் கேட்டதும் முழு ஒலியையும் தணித்துவிடும். தடித்த தந்தியைத் தட்டும் ஒவ்வொரு முறையும் மெல்லிய தந்திகளின் இசை பதுங்கிப் பின் எழும்பும். இரண்டாவது, 31 ஹேர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று 32 மில்லிசெக்கன் நீளமுடையது. கருவியின் பிடி அதற்குள் தளர்ந்து மீண்டும் இறுகுமாயின், அது ஒலியின் ஏற்றத்தாழ்வை விட்டு அலையின் வடிவையே பின்தொடரும். அதன் பயன் உறுமல் போன்ற திரிபு.

இவ்விரு குறைகளையும் நீக்க, ஒளியினால் இயங்கும் அமைப்பு புதிதாகச் செய்பவருக்கு ஏற்றது. 1960களில் கலிபோர்னியாவில் ஜேம்ஸ் லாரன்ஸ் ஆக்கிய புகழ்பெற்ற எல்.ஏ.-2ஏ கருவியும் ஒளியையே நம்பியது. வாத்தியத்திலிருந்து வரும் மின்குறிப்பு ஒரு தடையியைக் கடந்து செல்லும். கடந்த இடத்திலிருந்து புவிமுனைக்கு ஓர் ஒளியுணர் தடையி இணைக்கப்படும். ஒளிகாலும் இருவாயி அதன்மேல் ஒளி வீசும்போது அதன் தடை குறைந்து, மின்குறிப்பின் ஒரு பகுதி புவிமுனைக்கு வடிந்துவிடும். கட்மியம் சல்பைட்டினால் ஆன இத்தடையி ஒளி பட்டதும் விரைவாக இளகும். இருளில் மெல்லவே மீளும். இரண்டையும் வெளியொளி புகாத கறுப்புக் குழாயில் அடைத்தல் அவசியம்.

சுற்றில் இரு பாதைகள் உள்ளன. ஒன்று ஒலி செல்லும் பாதை. மற்றையது கருவி கேட்கும் பாதை. ஒலிப்பாதையின் வாயிலில் 0.1 மைக்ரோபரட் கொள்ளளவியும் 1 மெகா ஓம் தடையியும் இருப்பின், தடுக்கும் எல்லை 1.6 ஹேர்ட்ஸ், எந்தத் தாழ்ந்த சுரமும் இழக்கப்படாது. கேட்கும் பாதையிலோ 0.01 மைக்ரோபரட்டும் 100 கிலோ ஓமும் பொருத்தினால், எல்லை 159 ஹேர்ட்ஸ் ஆகும். 31 ஹேர்ட்ஸ் அலை அங்கே ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும்; 330 ஹேர்ட்ஸ் அலை பத்தில் ஒன்பது பங்காகக் கடக்கும். ஒலி முழுமையாகச் செல்ல, கருவி மட்டும் தாழ்ந்த தந்திக்கு அஞ்சாதிருக்கும். ஆனால் வடி மிகுந்தால் அத்தந்தி கட்டுக்கடங்காது ஓடும். ஆதலால் 0.022 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றையும் வைத்து, ஆளியினால் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்வது நன்று. அப்போது எல்லை 72 ஹேர்ட்ஸ்.

இரண்டாவது குறைக்கு மருந்து முழு அலைச் சீராக்கம். அலையின் இரு பாதிகளையும் பயன்படுத்துவதால், உச்சங்களுக்கு இடையிலான காலம் 32 மில்லிசெக்கனிலிருந்து 16 ஆகக் குறையும். சீராக்கிய மின்னை 10 மைக்ரோபரட் கொள்ளளவியிற் சேர்த்து, 10 கிலோ ஓம் தடையி வழியே வடியவிட்டால், காலமாறிலி 100 மில்லிசெக்கன். இடைவெளியை விடப் பிடி பன்மடங்கு நீள்வதால் உறுமல் அடங்கும். பிடிக்கும் வேகத்தையும் 10 அல்லது 20 மில்லிசெக்கன் அளவில் வைத்தால், விரல் தந்தியைத் தொடும் முதலோசை தப்பிவிடும்.

நெருக்கிய ஒலியுடன் நெருக்காத ஒலியையும் கலக்கும் குமிழ் ஒன்று பேஸ் வாசிப்பவருக்குப் பெரிதும் உதவும். இரண்டும் ஒரே அவத்தையில் இருத்தல் வேண்டும். எதிராக நின்றால் ஒன்றையொன்று அழித்து, தாழ்ந்த நாதம் வெறுமையாகும். பெட்டியை மூடுமுன் மிகத் தாழ்ந்த தந்தியை நீளமாக ஒலிக்கவிட்டுத் திரிபு உண்டோ எனக் கேட்க வேண்டும். பின்னர் அதனுடன் மெல்லிய தந்தியையும் சேர்த்து வாசித்து, அது பதுங்குகிறதோ எனக் கேட்க வேண்டும். குறை தோன்றினால் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது கேட்கும் பாதையின் கொள்ளளவியையே.

மெல்லத் தொட்டதும் வலிந்து தட்டியதும் ஒன்றாகவே கேட்குமாயின், அந்தக் கருவி இசையை ஒழுங்கு செய்யவில்லை. வாசிப்பவனின் விரலை ஊமையாக்கிவிட்டது. அடக்க வேண்டியது எது, விட்டுவைக்க வேண்டியது எது என்பதைக் கருவி தானாக அறியாது. அதன் செவியை அமைப்பவரே அதை அறிந்திருக்க வேண்டும்.