எலும்பும் இரும்பும் – 9: நாயிடமிருந்து மாலுமிக்கு

எலும்பில் ஏற்றும் ஸ்டெய்ன்மனின் பின் (1907), கிர்ஷ்னரின் மெல்லிய கம்பி (1909) இரண்டும் போன வாரத்தோடு முடிந்தன. மரை வெட்டிய பின்களை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் ஓட்டோ ஸ்டேடர் என்ற கால்நடை மருத்துவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவரைத் தாண்டி மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

1930களில் ஒரு மனிதனுக்குத் தொடை எலும்பு முறிந்தால் என்ன செய்வார்கள்? கட்டிலில் கிடத்தி, முழங்காலுக்கு அருகே எலும்பில் பின் ஏற்றி, கப்பி வழியே எடையைத் தொங்கவிட்டு இழுத்துப் பிடிப்பார்கள். எலும்பு சேரும்வரை வாரக்கணக்கில் அந்த மனிதன் அசையாமல் படுத்திருப்பான். கஷ்டம்தான், ஆனாலும் சொன்னால் கேட்பான்.

நாய் கேட்காது. மயக்கம் தெளிந்ததும் எழுந்து நிற்கப் பார்க்கும். சரி, மாவுக்கட்டு போடலாமே என்றால், அதற்கு ஒரு விதி இருக்கிறது: முறிவுக்கு மேலே உள்ள மூட்டும் கீழே உள்ள மூட்டும் அசையக் கூடாது. முழங்காலுக்குக் கீழே முறிந்திருந்தால் இந்த விதியைக் காப்பாற்றிவிடலாம். தொடையில் முடியாது. நாயின் தொடை மேலே பருத்துக் கீழே சிறுத்தது. இடுப்பு மூட்டோ உடம்போடு ஒட்டிக் கிடப்பது. கட்டு மெல்ல நழுவி இறங்கும். இறங்கிய கட்டின் கனம் முழுவதும் முறிந்த இடத்தையே பிடித்து ஆட்டும். சேர வேண்டிய எலும்பை அந்தக் கட்டே பிரித்துவிடும். இதற்கிடையில் தோல் உராய்ந்து புண்ணாகும். நாய் கட்டைக் கடித்துக் குதறும்.

இந்தச் சிக்கலோடு அன்றாடம் மல்லுக்கட்டியவர் ஸ்டேடர். அமெரிக்காவில், பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் ஆர்ட்மோர் என்ற ஊரில் மருத்துவம் பார்த்தவர். கட்டுப் போடுவதை விட்டுவிட்டு, எலும்பையே நேராகப் பிடித்துக்கொள்ளும் கருவி ஒன்றை அவர் செய்தார். முறிந்த எலும்பின் மேல் துண்டில் இரண்டு பின்கள், கீழ்த் துண்டில் இரண்டு பின்கள். தோலைத் துளைத்து எலும்புக்குள் போகும் இந்தப் பின்களின் வெளிமுனைகளை, துண்டுக்கு ஒன்றாக, ஒரு சிறு கட்டை கவ்விக்கொள்ளும். மேல் கட்டையையும் கீழ்க் கட்டையையும் ஓர் உலோகத் தண்டு இணைக்கும். தண்டிலுள்ள திருகைச் சுற்றினால் அது நீளும்; ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கிடக்கும் எலும்புத் துண்டுகள் விலகும். கோணத்தையும் திருத்திக்கொள்ளலாம். துண்டுகள் நேருக்கு நேர் வந்ததும் அப்படியே இறுக்கிவிட வேண்டியதுதான். எலும்பைப் பொருத்துவதும் பொருத்தியதைப் பிடித்துவைப்பதும் ஒரே கருவி. மூட்டுகள் இரண்டும் விடுதலையாக அசையும். நாய் அந்தக் காலை ஊன்றி நடக்கும்.

இனி வருவதுதான் இந்த வாரம் என்னை உறங்கவிடாத செய்தி. நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனை அறுவை மருத்துவர்கள் கென்னத் லூயிஸ், லெஸ்டர் பிரைடன்பாக் இருவரும் இந்தக் கருவியை மனிதர்களுக்குப் பொருத்தினார்கள். 1942இல் ‘அனல்ஸ் ஆஃப் சர்ஜரி’ இதழில் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் மூவர்: லூயிஸ், பிரைடன்பாக், ஸ்டேடர். மனித அறுவை மருத்துவத்துக்கான இதழில், மனித எலும்பு முறிவைப் பற்றிய கட்டுரையில், நாய்களுக்கு வைத்தியம் பார்த்தவரின் பெயர்!

மருத்துவ வரலாற்றில் நாய் வழக்கமாக எங்கே வரும்? சோதனைக்கூடத்தில் வரும். 1930களில் டெக்சாஸைச் சேர்ந்த வெனபிள், ஸ்டக் என்ற இருவர் வெவ்வேறு உலோகங்களை நாய்களின் எலும்பில் பதித்துப் பார்த்து, உடம்பின் உப்புநீரில் அவை மின்கலம் போல வேலைசெய்து எலும்பை அரிக்கின்றன என்று காட்டினார்கள். மனித உடலுக்குள் எந்த உலோகத்தை வைக்கலாம் என்ற அறிவுக்கு அந்த நாய்கள் கொடுத்த விலை பெரிது. ஸ்டேடரிடம் வந்த நாய்களின் கதை வேறு. அவை நோயாளிகள். அவற்றைக் குணப்படுத்தச் செய்த கருவி, குணப்படுத்தியது என்ற தகுதியாலேயே மனிதனிடம் போனது.

அப்போது போர்க்காலம். ஆடும் கப்பலில் எடை கட்டித் தொங்கவிட்டு ஒருவனை வாரக்கணக்கில் கிடத்திவைப்பது நடக்கிற காரியமா? பின்னும் தண்டும் பொருத்திய மாலுமியை எடுத்துச் செல்லலாம், இடம் மாற்றலாம். அமெரிக்கக் கடற்படை இந்தக் கருவியைக் கையில் எடுத்தது. அதன் மருத்துவர்கள் ஷார், க்ரூஸ் இருவரும் 1943இல் இந்த முறைக்கென்றே ஒரு கையேடு எழுதினார்கள். படுத்துக் கிட என்று சொல்ல முடியாத நோயாளிக்காகப் பிறந்த கருவி, படுத்துக் கிடக்க வழியில்லாதவனுக்கு உதவியது.

நாட்டின் மறுகரையில், சியாட்டிலில், இதற்கு நேர் எதிர்த்திசையில் ஒரு பயணம் நடந்தது. ரோஜர் ஆண்டர்சன் என்ற எலும்பு மருத்துவர் மனிதர்களுக்கென்று வெளிப்புறப் பின் கருவி ஒன்றை 1930களில் செய்திருந்தார். அதே ஊரின் கால்நடை மருத்துவர் எமர்சன் எமர் அதை நாய், பூனைகளின் உடலுக்கேற்ப மாற்றினார். அதுதான் கிர்ஷ்னர்–எமர் கருவி. இந்தக் கிர்ஷ்னர், போன வாரம் நாம் பார்த்த ஜெர்மானியர் அல்லர். கருவியைத் தயாரித்த நிறுவனத்தின் பெயர் அது. இடுப்பு மூட்டு நழுவிய நாய்க்குப் பின்னங்காலை மடக்கிப் போடும் கட்டும் இந்த எமரின் பெயரால்தான் இன்றும் வழங்குகிறது.

போர் முடிந்ததும் காற்று திசை மாறியது. தோலைத் துளைத்து நிற்கும் பின்னைச் சுற்றிச் சீழ் பிடித்தது, பின்கள் தளர்ந்தன. 1950வாக்கில் அமெரிக்க எலும்பு மருத்துவர்களில் பெரும்பாலோர் இந்த முறையைக் கைவிட்டார்கள். கால்நடை மருத்துவர்கள் கைவிடவில்லை. அவர்களுடைய நோயாளி அப்போதும் கட்டிலில் படுக்க மறுத்துக்கொண்டுதானே இருந்தது! கால் நூற்றாண்டுக் காலம் இந்தக் கலையை அமெரிக்காவில் அணையாமல் காத்ததில் நாய், பூனை வைத்தியர்களின் பங்கு பெரிது என்பேன். 1970களில் பிரான்சின் மோன்பெலியே நகரில் விதால் போன்ற மருத்துவர்கள், இதே வகையைச் சேர்ந்த ஹாஃப்மன் கருவியைப் புதுப்பித்த காலத்தில்தான் மனித மருத்துவம் மறுபடி இதன் பக்கம் திரும்பியது.

பின்கள் ஏன் தளர்ந்தன? ஸ்டேடர், எமர் காலத்துப் பின்கள் வழவழப்பானவை. எலும்பில் பிடிமானத்துக்கு அவற்றுக்கு ஒரே வழி, கோணம். பலகை பிரியாதிருக்கத் தச்சர் இரண்டு ஆணிகளைச் சாய்த்து எதிரெதிராக அடிப்பாரே, அப்படித்தான் ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பின்களைச் சாய்த்து ஏற்றினார்கள். பின்னை வேகமாகச் சுழற்றி ஏற்றினால் இன்னொரு ஆபத்து உண்டு. எலும்பு 47 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிடம் இருந்தாலே பாதிக்கப்படும் என்று 1983இல் ஸ்வீடனின் எரிக்சன், ஆல்பிரெக்ட்சன் காட்டினார்கள். சூட்டில் செத்த எலும்பு பின்னைப் பிடித்துக்கொள்ளாது.

இதற்கு விடையாக வந்ததுதான் மரை. அதிலும் ஒரு வம்பு: பின்னைக் குடைந்து மரை வெட்டினால், மரை தொடங்கும் இடத்திலேயே அது ஒடிகிறது. பின்னின் தடிமன் குறையாமல் அதன்மேல் மரையை எழுப்பியது எப்படி என்பதையும், வளைய மறுக்கும் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்காக ஏறுவதால் அந்தச் சிறு வேறுபாடு எவ்வளவு பெரிதாகிறது என்பதையும் அடுத்த வாரம் விரிவாக எழுதுகிறேன்.

(தொடரும்)