லாரி உங்களுக்குத் தெரிகிறது; நீங்கள் லாரிக்குத் தெரிகிறீர்களா?

ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த தலம் திருப்புட்குழி. அந்த ஊரை ஒட்டித்தான் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை ஓடுகிறது. கழுகுக்குக் கண் கூர்மை. அந்தச் சாலையில் வரும் லாரி டிரைவருக்கு அந்தக் கண் கிடையாதே!

விடியற்காலை ஷிப்டுக்குப் போக, ரோட்டோரம் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிறார் உங்கள் வீட்டுப் பிள்ளை. பக்கத்திலேயே சிலர் பள்ளம் அடைக்கிறார்கள், குப்பை அள்ளுகிறார்கள். 'லாரி வெளிச்சம் நமக்கு நல்லாத் தெரியுதே, டிரைவருக்கும் நாம தெரிவோம்' என்று நினைப்பது மனித இயல்பு. அங்கேதான் ஆபத்து! மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடிவிடும். டிரைவர் உங்களைப் பார்த்து, பிரேக்கில் கால் வைப்பதற்குள் 30 மீட்டர் போயிருக்கும். அதன் பிறகுதான் வண்டியின் வேகமே குறைய ஆரம்பிக்கும்.

கண் என்ன செய்யும்?

பகலில் பளிச்சென்று இருக்கும் சிவப்புச் சட்டை, அந்தி மங்க மங்கக் கறுத்துப்போகும். 19-ஆம் நூற்றாண்டிலேயே செக் நாட்டு அறிஞர் புர்கின்யே இதைக் கவனித்துச் சொன்னார். வயதானால் கண்ணின் பாவை சுருங்கும், லென்ஸ் மஞ்சளிக்கும். உள்ளே போகிற வெளிச்சமும் குறையும். சித்த வைத்தியன் நான், கண்ணுக்குப் பொன்னாங்கண்ணியும் முருங்கைக் கீரையும் சாப்பிடச் சொல்வேன். ஆனால், எதிரே வரும் டிரைவர் கீரை சாப்பிட்டாரா என்று நடுரோட்டில் நின்று கேட்க முடியுமா? நம் உடுப்புதான் அவர் கண்ணுக்கு உதவ வேண்டும்.

பகலுக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று

காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவை எடுக்கிறவர்கள், அதைக் கடைவாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பார்கள். வெளிச்சம் மாறினால் நிறமும் மாறும் என்று நம் பெண்களுக்குத் தெரியும். பாதுகாப்புச் சட்டைக்கும் அதே கணக்குத்தான்.

பளீர் மஞ்சள்பச்சை, பளீர் ஆரஞ்சுத் துணிகள் சூரிய ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் நிறமாகத் திருப்பித் தரும். அதனால் மேகமூட்டத்திலும் எடுப்பாகத் தெரியும். ராத்திரியில் அந்தக் கதிர் கிடைக்காது. அப்போது அது சாதாரணத் துணிதான்.

இருட்டில் வேலை செய்வது வெள்ளிநிறப் பட்டை. ஜரிகையும் மின்னும், ஆனால் வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறவிடும். பட்டையில் இருக்கும் நுண்ணிய கண்ணாடி மணிகளோ, ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த வழிக்கே, அதாவது டிரைவர் பக்கமே திருப்பி அனுப்பும். ஆகவே துணி, பட்டை இரண்டும் வேண்டும்.

வாங்கும்போது...

* ஐ.எஸ். 15809 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

* பட்டை 5 செ.மீ. அகலமாவது இருக்கட்டும். முன்னால் மட்டும் போதாது. உடம்பைச் சுற்றி வர வேண்டும்.

* வயலும் மரமும் சூழ்ந்த இடத்தில் மஞ்சள்பச்சை கலந்துபோகலாம். அங்கே ஆரஞ்சு எடுங்கள்.

* வண்டிகள் வேகமாகப் போகும் சாலையில் வேலை என்றால் வெறும் வெஸ்ட் பத்தாது. முழுக்கைச் சட்டையும் பேன்ட்டும் தேவை. கணுக்காலில் கட்டிய பட்டை நடக்கும்போது அசைந்தால், 'அது கம்பம் இல்லை, மனுஷன்' என்று டிரைவர் சட்டெனப் புரிந்துகொள்வார்.

* நம் ஊர் வெயிலுக்கு வலைத்துணி வெஸ்ட் நல்லது. உள்ளே பருத்தி பனியன் போட்டால் வியர்க்குரு தொல்லை குறையும். முன்பக்கத்தை மூடியே போடுங்கள். தொங்கவிட்டால் பட்டை மறையும், எந்திரத்திலும் சிக்கும்.

துவைக்கும்போது...

கல்லில் அடிக்காதீர்கள். பிளீச்சிங் பவுடர் வேண்டாம். பட்டை மேல் இஸ்திரிப் பெட்டி படக்கூடாது. நிழலில் உலர்த்துங்கள். எத்தனை சலவை தாங்கும் என்று லேபிளில் போட்டிருப்பார்கள். அதற்கு மேல் நம்பாதீர்கள்.

மாதம் ஒருமுறை ஒரு சோதனை. இருட்டில் வெஸ்டை மாட்டிவிட்டு, பத்து மீட்டர் தள்ளி நின்று, டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடியுங்கள். பட்டை பளீரென்று எரிந்தால் சரி. சாம்பல் பூத்தது போலிருந்தால் புதுசு வாங்குங்கள்.

'டிபன் பாக்ஸ் எடுத்தியா?' என்று தினமும் கேட்கும் வாயால், 'வெஸ்ட் போட்டியா?' என்றும் கேளுங்களேன்!