தங்கப் பீடத்தின் அடியில் ஏழ்மை வாக்குறுதி: பழைய கோவா பிரான்சிஸ் ஆலயத்தின் உட்புறம் சொல்வது என்ன?

பனாஜி: பழைய கோவாவுக்குச் செல்லும் பயணிகளில் பெரும்பாலோர் புனித சவேரியாரின் உடல் வைக்கப்பட்டுள்ள போம் ஜீசஸ் பசிலிக்காவையும், எதிரே உள்ள சே பேராலயத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். பேராலயத்தின் மேற்கே, அதே வளாகத்தில், அசிசியின் புனித பிரான்சிஸ் ஆலயமும் அதனை ஒட்டிய துறவு மடமும் அமைந்துள்ளன. யுனெஸ்கோ 1986-ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 'கோவாவின் தேவாலயங்களும் மடங்களும்' தொகுப்பில் இதுவும் ஒன்று. வெளியே எளிமையாகத் தோன்றும் இக்கட்டடத்தின் உட்புறம், சுவரோவியங்களாலும் மரச் சிற்பங்களாலும் தங்க முலாம் பூசிய பீடத்தாலும் நிறைந்துள்ளது. அந்த உட்புறம் எவ்வாறு கட்டப்பட்டது, அதன் அலங்காரங்கள் எதைக் குறிக்கின்றன, அவற்றைக் காப்பது ஏன் கடினம் என்பதை இங்கு காணலாம்.

எட்டுத் துறவிகளில் தொடங்கிய வரலாறு

போர்த்துகீசியர் கோவாவைக் கைப்பற்றியது 1510-இல். ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1517-இல், பிரான்சிஸ்கன் சபைத் துறவிகள் எட்டுப் பேர் இங்கு வந்தனர். ஆளுநரின் உதவியால் சில வீடுகளைப் பெற்று, மூன்று பீடங்கள் கொண்ட சிறிய சிற்றாலயம் ஒன்றை அமைத்தனர். பின்னர் தூய ஆவியின் பெயரால் ஓர் ஆலயம் எழுப்பப்பட்டு, 1521-இல் அர்ச்சிக்கப்பட்டது. அது இடிக்கப்பட்டு, அதே இடத்தில் 1661-இல் கட்டப்பட்டதே இன்றுள்ள ஆலயம்.

பழைய ஆலயத்தை இடித்தபோது அதன் நுழைவாயிலை மட்டும் அகற்றாமல் விட்டுவைத்தனர். போர்த்துகல் அரசர் முதலாம் மானுவேலின் காலத்தில் செழித்ததால் 'மானுவலின்' பாணி எனப்படும் கட்டடக்கலைக்கு இந்தியாவில் எஞ்சியுள்ள அரிய சான்றுகளில் அந்த வாயிலும் ஒன்று. கருங்கல்லில் செதுக்கிய அதன் வளைவுக்கு இருபுறமும் அரசரின் சின்னமான வான்கோள வளையங்கள் உள்ளன. கடலோடிகள் திசையறியப் பயன்படுத்திய அறிவின் அடையாளம் அது. ஆலய வாயிலிலேயே அரச முத்திரை இருப்பது, சமயமும் பேரரசும் ஒரே கப்பலில் வந்திறங்கிய காலத்தைக் காட்டுகிறது.

சுவருக்குள் மறைந்த தாங்கு சுவர்கள்

உள்ளே நுழைந்தால், பெரிய தேவாலயங்களில் வழக்கமாகக் காணப்படும் தூண் வரிசைகளும் பக்க நடைக்கூடங்களும் இங்கு இல்லை. இருப்பது அகன்ற ஒற்றை நடுக்கூடம் மட்டுமே. பிரான்சிஸ்கன் துறவிகளின் முதன்மைப் பணி மறையுரை ஆற்றுவது. மறையுரை மேடையில் நிற்பவரைத் தூண்கள் மறைக்காமல் அனைவரும் காணவும் கேட்கவும் இத்தகைய கூடம் ஏற்றது.

ஆனால் தூண்கள் இல்லாத அகன்ற கூடத்தின் மேல் வளைவுக் கூரை அமைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வளைவுக் கூரையின் எடை கீழ்நோக்கி மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் சுவர்களைத் தள்ளும். ஐரோப்பாவின் பல தேவாலயங்களில் இந்தத் தள்ளு விசையைத் தாங்கும் முட்டுச் சுவர்கள் வெளிப்புறம் எழுப்பப்படும். இங்கோ அவை கட்டடத்தின் உட்புறமே அமைந்துள்ளன. இரு முட்டுச் சுவர்களுக்கு இடையிலான வெளி ஒரு பக்கச் சிற்றாலயமாகிறது. நடுக்கூடத்தின் ஒவ்வொரு புறமும் இவ்வாறு மூன்று சிற்றாலயங்கள் உள்ளன. அவற்றின் மேல் மாடங்கள் செல்கின்றன. அந்த மாடங்களைத் தாங்குவதும் இதே முட்டுச் சுவர்கள்தான். கூரையைத் தாங்குவது, இடத்தைப் பிரிப்பது, மாடத்தைச் சுமப்பது என மூன்று பணிகளை ஒரே சுவர் செய்கிறது.

அச்சுவர்களின் பரப்பு வெறுமையாக விடப்படவில்லை. கொடிகளும் மலர்களும் இலைகளும் பின்னிப் படரும் வண்ண ஓவியங்கள் அவற்றை நிறைத்துள்ளன. ஐரோப்பியக் கட்டட வடிவத்தின் மேல் உள்ளூர்க் கைவினைஞர்களின் அலங்கார மரபு படிந்திருப்பதை இப்பகுதியில் தெளிவாகக் காண முடிகிறது. மரத்தாலான மறையுரை மேடையிலும் மலர் வேலைப்பாடுகள் செறிந்துள்ளன.

தங்கமும் ஏழ்மையும்

ஆலயத்தின் மையம் அதன் முதன்மைப் பீடம். மரத்தில் செதுக்கித் தங்க முலாம் பூசப்பட்ட, கொரிந்திய பாணித் தூண்கள் கொண்ட பரோக் கால வேலைப்பாடு அது. நற்கருணைப் பேழைக்கான மாடத்தை நற்செய்தியாளர்கள் நால்வரின் உருவங்கள் தாங்கி நிற்கின்றன. அதற்கு மேலே, சிலுவையில் தொங்கும் இயேசுவின் சிலையும் புனித பிரான்சிஸின் சிலையும் பெரிய அளவில் உள்ளன. அவற்றின் கீழ் ஏழ்மை, தாழ்மை, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வாக்குறுதிகள் பொறிக்கப்பட்டுள்ளன.

செல்வந்தத் துணி வணிகரின் மகனாகப் பிறந்து, அனைத்தையும் துறந்தவர் பிரான்சிஸ். அவரது ஏழ்மையைப் போற்றும் சொற்கள் தங்கத்துக்கு நடுவே இடம்பெற்றிருப்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் அக்காலத் திருச்சபையின் நோக்கில் துறவியின் ஏழ்மை வேறு, இறைவனின் இல்லத்துக்குச் செய்யும் அழகு வேறு. மெழுகுவர்த்திகளின் ஒளியில் மின்னும் தங்கம் விண்ணுலகின் மாட்சியைக் கண்முன் நிறுத்தும் என்று கருதப்பட்டது. எனினும், கீழ்த்திசை வணிகத்தில் குவிந்த செல்வமே இத்தகைய பீடங்களைச் சாத்தியமாக்கியது என்பதையும் மறுக்க முடியாது.

பீடத்தை ஒட்டிய இருபக்கச் சுவர்களிலும் பிரான்சிஸின் வாழ்க்கை நிகழ்வுகளைச் சித்திரிக்கும் பெரிய ஓவியங்கள் உள்ளன. இவை மரப் பலகைகளில் தீட்டப்பட்டவை. எழுத்தறியாதோரும் புனிதரின் கதையைப் பார்த்தே அறிந்துகொள்ள இத்தகைய ஓவியங்கள் உதவின.

காலடியிலும் வரலாறு உண்டு. தரையில் குலச்சின்னங்கள் செதுக்கிய கல்லறைக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் சில 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதாவது, சுற்றியுள்ள சுவர்களைவிடத் தரையில் உள்ள கற்கள் பழமையானவை.

மூடப்பட்ட மடம், திறக்கப்பட்ட அருங்காட்சியகம்

போர்த்துகலில் 1834-இல் ஆண் துறவு சபைகள் ஒழிக்கப்பட்டன. அதன் தொடர்ச்சியாக, 1835-இல் இந்த மடமும் மூடப்பட்டது. கொள்ளை நோய்களால் முன்பே மக்கள் வெளியேறிவந்த நகரம் மேலும் வெறிச்சோடியது. 1843-இல் பனாஜி அதிகாரபூர்வத் தலைநகரானது.

கோவா இந்தியாவுடன் இணைந்த பின், 1964-இல், இந்தியத் தொல்லியல் துறை இம்மடத்தில் அருங்காட்சியகம் ஒன்றை அமைத்தது. போர்த்துகீசிய ஆளுநர்கள், வைசிராய்களின் உருவ ஓவியங்கள் சுமார் 60 இங்கு உள்ளன. இந்த ஓவிய வரிசையை 1547-இல் தொடங்கிவைத்தவர் ஜோவாவோ தெ காஸ்ட்ரோ. போர்த்துகீசியர் வருவதற்கு முந்தைய காலத்து விஷ்ணு சிலை, வீரக்கற்கள், சதிக்கற்கள் ஆகியனவும் அதே கூரையின் கீழ் வைக்கப்பட்டுள்ளன. ஆண்டவர்களின் முகங்களையும், அவர்களுக்கு முந்தைய மண்ணின் நினைவுகளையும் ஒரே கட்டடத்தில் காணலாம்.

ஈரமே எதிரி

இந்த அலங்காரங்களின் எதிர்காலம் கோவாவின் மழைக்காலத்தோடு பிணைந்துள்ளது. ஆலயம் செம்புரைக் கற்களால் கட்டப்பட்டு, சுண்ணாம்புச் சாந்து பூசப்பட்டது. செம்புரைக் கல் நுண்துளைகள் நிறைந்தது; நீரை எளிதில் உறிஞ்சும். அதைக் காக்கும் சட்டை போன்றது சுண்ணாம்புப் பூச்சு. அருகிலுள்ள போம் ஜீசஸ் பசிலிக்காவின் வெளிப்பூச்சு 1950-களில் அகற்றப்பட்டதால், அதன் கற்கள் மழையில் அரிக்கப்படுவது குறித்த கவலை இன்றும் தொடர்கிறது.

உட்புறத்தில் ஆபத்து வேறு வகையானது. தங்க முலாம் நேரடியாக மரத்தில் ஒட்டப்படுவதில்லை. மரத்தின் மேல் பசை கலந்த வெண்பூச்சு, அதன் மேல் செம்மண் பூச்சு, அதற்கும் மேல் மெல்லிய தங்கத் தகடு என அடுக்கடுக்காக அமைவது இக்கலையின் பொது முறை. ஈரத்தில் மரம் உப்பும், வறட்சியில் சுருங்கும். மேலுள்ள அடுக்குகளால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. அதனால் விரிசல் விழுந்து, தங்கம் செதில் செதிலாக உதிரும். மரப் பலகை ஓவியங்களுக்கும் இதே நிலைதான். கரையான் தொல்லை அதற்கு மேல். சுவருக்குள் ஏறும் ஈரம் உப்பைக் கரைத்து மேற்பரப்புக்குக் கொண்டுவருவதால், சுவரோவியங்களின் வண்ணமும் பூச்சும் உதிர்கின்றன.

இன்று இவ்வாலயத்தில் வழக்கமான திருப்பலி நடைபெறுவதில்லை. நாள்தோறும் வழிபடுவோர் உள்ள ஆலயத்தில் ஒரு கசிவோ விரிசலோ ஏற்பட்டால் முதலில் கவனிப்பது அங்கு வரும் மக்களே. அத்தகைய கண்கள் இல்லாத இடத்தில் அப்பொறுப்பு முழுவதும் பாதுகாப்புத் துறையையும் பார்வையாளர்களையும் சார்ந்தது. ஓவியங்களைத் தொடாதிருப்பதும், ஒளிப்படம் எடுக்கும்போது ஒளிப்பாய்ச்சியைத் தவிர்ப்பதும் பார்வையாளர்கள் செய்யக்கூடிய எளிய உதவிகள்.

பனாஜியிலிருந்து பழைய கோவா சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மடத்திலுள்ள தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.