தலிமெரென் ஆவோ: பந்தும் வைத்தியமும்

உதைபந்தாட்டத்திற் பந்தைக் கோலுக்குள் செலுத்தியவன் பெயரை ஊர் அறியும். அதைப் பாய்ந்து தடுத்த கோல் காவலன் பெயரையும் ஓரளவு அறியும். இவ்விருவர்க்கும் இடையே நடுக்களத்தில் நின்று, எதிரணியின் பந்தைப் பறித்துத் தன் முன்னணியினர்க்குப் பகிர்ந்து கொடுப்பவனை நினைவிற் கொள்வோர் சிலரே. 1948 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் விழாவிலே சுதந்திர இந்தியாவின் உதைபந்தாட்ட அணிக்குத் தலைமை தாங்கியவர் அத்தகைய நடுக்கள வீரர் ஒருவர். அக்காலத்தில் அவர் வைத்தியக் கல்லூரி மாணவர். பெயர் தலிமெரென் ஆவோ. ஹெவ்லொக் டவுனிலும் வெள்ளவத்தையிலும் வாழும் நம் மாணவர்க்குக் கிரிக்கெட் வீரர் பெயர்கள் மனப்பாடம். ஹெவ்லொக் மைதானத்து றக்பியும் பழக்கமானதே. ஆவோவின் பெயரைக் கேட்டால் விழிக்கின்றனர். ஆண்டுதோறும் உயர்தர வகுப்பு மாணவரின் பெற்றோர், "மகன் விளையாட்டை விட்டாலன்றோ மருத்துவபீடம் புகுவான்?" என்று ஆசிரியர்களிடம் கேட்பதுண்டு. அவ்வினாவின் பொருட்டேனும் இவர் வரலாற்றை அறிதல் நன்று.

முதலில் அக்காலத்து அணியமைப்பைச் சற்று விளக்குதல் வேண்டும். கோல் காவலனுக்கு முன்னே இருவர், அவர்க்கு முன்னே மூவர், முன்னணியில் ஐவர் என ஆட்டக்காரர் நிறுத்தப்பட்டனர். இடையில் நின்ற மூவரை 'ஹாவ்பாக்' என்பர். அம்மூவருள் நடுவில் நிற்பவரே 'சென்ரர் ஹாவ்'. எதிரணியின் நடு முன்னணி வீரனைத் தடுப்பதும், தன் ஐவர்க்கும் பந்து சேரச் செய்வதும் அவர் கடமை. 1925 இல் 'ஒஃப்சைட்' விதி தளர்த்தப்பட்டது. அதுவரை, பந்தைப் பெறுவோனுக்கும் கோல் எல்லைக்கும் இடையில் எதிரணியினர் மூவர் இருத்தல் வேண்டும். இனி இருவர் போதும் என்றாயிற்று. கோல்கள் மலிந்தன. எனவே இங்கிலாந்திலே, சிறப்பாக ஹேர்பேட் சப்மன் நடத்திய ஆர்சனல் அணியிலே, சென்ரர் ஹாவ் பின்னே இழுக்கப்பட்டு மூன்றாவது பின்காவலர் ஆயினார். ஆங்கிலேயர் பின்காவலரை இன்றும் 'சென்ரர் ஹாவ்' என்று அழைப்பதன் காரணம் இதுவே. இடம் பெயர்ந்த பின்னரும் பெயர் பெயரவில்லை. இந்தியாவிலோ பழைய அமைப்பு 1950 வரையிலும் வேரூன்றி நின்றது. ஆதலின் ஆவோ நின்று ஆடிய இடம் உண்மையில் நடுக்களமே.

ஆவோ என்பது நாகர் குலங்களுள் ஒன்றின் பெயர். 1918 ஜனவரி 28 ஆம் நாள் நாக மலையிலுள்ள சங்கி என்னும் கிராமத்தில் இவர் பிறந்தார். தந்தையார் கிறித்தவ போதகர். இம்பூர் மிஷன் வளவிலே கந்தைத் துணியைச் சுருட்டிக் கட்டிய உருண்டையே இவரது முதற் பந்து. தந்தையார் 1935 இல் நெருப்புக் காய்ச்சலாற் காலமானார். மகன் வைத்தியனாகித் தம் மக்களுக்குத் தொண்டாற்ற வேண்டும் என்பது அவர் விட்டுச் சென்ற விருப்பம். கௌகாத்தி கொட்டன் கல்லூரியிற் பயின்றபொழுது, அந்நகரின் மகாராணா கழகத்திற்கு ஆவோ முன்னணி வீரராக ஆடினார். பின்னர்க் கல்கத்தாவிலே, இன்று ஆர். ஜி. கர் பெயரால் வழங்கும் கார்மைக்கல் வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்தார். 1943 இல் மோகன் பகான் கழகம் இவரைத் தன்பால் ஏற்றுக்கொண்டது. அங்கேதான் முன்னணியிலிருந்து நடுக்களத்திற்கு மாறினார். நெடிய உடலும், தலையாற் பந்தை வெல்லும் ஆற்றலும் அவ்விடத்திற்குப் பொருந்தின.

மோகன் பகான் எத்தகைய கழகம் என்பதையும் கூறவேண்டும். 1911 இல் வெறுங்காலோடு ஆடி, கிழக்கு யோக்சயர் படைப்பிரிவின் அணியை 2-1 என வென்று ஐ. எவ். ஏ. கேடயத்தைக் கைப்பற்றிய கழகம் அது. ஆளும் இனத்தை ஆளப்படும் இனம் மைதானத்திலாவது வென்றது என்று வங்காளம் முழுவதும் கொண்டாடியது. அக்கேடயம் மீண்டும் அக்கழகத்தின் கைக்கு வருவதற்கு 36 ஆண்டுகள் சென்றன. 1947 இல், ஆவோ அக்கழகத்தில் இருந்த காலத்திலேயே அது வந்தது. அவர் கழகத்தின் தலைவராகவும் விளங்கினார்.

1948 ஜூலை 29 ஆம் நாள் வெம்பிளி அரங்கிலே இந்தியக் கொடியைத் தாங்கி முன்னே சென்றவர் ஆவோ. இரு நாட்கள் கழித்து, அக்காலத்தில் இலண்டனுக்கு அண்மையிலிருந்த இல்போட்டில் பிரான்சுடன் ஆட்டம். இந்திய வீரருட் பெரும்பாலோர் சப்பாத்து அணியவில்லை. முப்பதாவது நிமிடத்தில் பிரான்ஸ் ஒரு கோல் போட்டது. இந்தியாவுக்கு இரண்டு தண்ட உதைகள் கிடைத்தன, இரண்டும் வீணாயின. எழுபதாவது நிமிடத்தில், மைசூர் மாநிலத்திலிருந்து சென்ற சாரங்கபாணி இராமன் கோல் போட்டுச் சமப்படுத்தினார். ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் இந்தியாவின் முதற் கோல் அதுவே. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கையிற் பிரான்ஸ் இரண்டாவது கோலைப் போட்டு வென்றது. இரு தண்ட உதைகளுள் ஒன்று உட்சென்றிருந்தாலும் ஆட்டம் வேறாயிருக்கும். எனினும் இங்கிலாந்து மக்கள் அவ்வணியை மெச்சினர். பின்னர் ஒல்லாந்து சென்ற அணி, அம்ஸ்ரடாம் நகரின் அயாக்ஸ் கழகத்தை வென்று திரும்பிற்று.

சப்பாத்து இல்லாமை பற்றிப் பத்திரிகையாளர் வினவியபொழுது ஆவோ சிலேடையாக விடையிறுத்தார் என்பர். ஆங்கிலத்தில் இவ்வாட்டத்தின் பெயர் பாதத்தைக் குறிக்கிறதேயன்றிச் சப்பாத்தைக் குறிக்கவில்லை என்பது அதன் கருத்து. ஒலியிற் பிறந்த சிலேடை மொழிபெயர்ப்பில் இறந்துவிடும். ஆதலின் விளக்கத்தோடு விடுகின்றேன். விடை அழகியதே. ஆயினும் வெறுங்காலின் பெருமை உலர்ந்த தரையளவிலேயே நிற்பது. 1952 இல் குளிர் மிக்க ஹெல்சிங்கியிலே யூகோசிலாவியாவிடம் இந்தியா 10-1 எனத் தோற்றது. அதன் பின்னரே சப்பாத்து கட்டாயமாயிற்று.

ஆர்சனல் கழகம் ஆவோவை ஓராண்டு ஒப்பந்தத்திற்கு அழைத்தது என்றும், படிப்பை முடிக்க வேண்டும் எனக் கூறி அவர் மறுத்தார் என்றும் அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர். மறுத்ததன் பொருளை அறிய வேண்டுமாயின், அந்நாளில் தொழில்முறை ஆட்டக்காரன் வாழ்வு எத்தகையது என்று நோக்குதல் வேண்டும். அதற்கு அயர்லாந்துக்காரரான ஜொனி கேரி தக்க எடுத்துக்காட்டு. அவர் டப்ளினில் 1919 இல் பிறந்தவர்; ஆவோவுக்கு ஓராண்டு இளையவர். பதினேழாம் வயதில் 250 பவுணுக்கு மன்செஸ்ரர் யுனைற்றட் கழகம் அவரை வாங்கியது. முன்னணி, நடுக்களம், பின்காவல் என எங்கு நிறுத்தினும் ஆடுவார். ஒருமுறை கோல் காவலராகவும் நின்றார். இலண்டன் ஒலிம்பிக்குக்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், அதே வெம்பிளி அரங்கிலே, அவர் தலைமையில் யுனைற்றட் அணி பிளக்பூலை 4-2 என வென்று எவ். ஏ. கிண்ணத்தைப் பெற்றது. அத்தகைய வீரர்க்கும் அந்நாளில் விதிக்கப்பட்ட உச்ச ஊதியம் வாரத்திற்கு 12 பவுணே. அவ்வுச்ச வரம்பு 1961 வரை நீங்கவில்லை. அதே 1961 இல், எவர்ட்டன் கழகத்தின் முகாமையாளராயிருந்த கேரி வேலை நீக்கப்பட்டார்; வாடகைக் காரில் உடன் சென்ற கழகத் தலைவரே வழியில் அச்செய்தியைச் சொன்னார்.

ஆகவே இன்றைய ஆட்டக்காரர் பெறும் கோடிகளை மனத்திற் கொண்டு ஆவோவின் மறுப்பை அளத்தல் பொருந்தாது. அவர் துறந்தது செல்வத்தையன்று. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரரோடு ஓராண்டேனும் மோதி, தம் ஆற்றலின் எல்லையை அறியும் வாய்ப்பைத் துறந்தார். விளையாடுவோர்க்கு அது சிறிய இழப்பன்று.

1950 இல் அவர் எம். பி. பி. எஸ். பட்டம் பெற்றார். 1942 இற் சேர்ந்தவர்க்கு எட்டாண்டுகள் சென்றன. விளையாட்டும் படிப்பும் ஒருங்கே எளிதில் நடக்கும் என்று மாணவர்க்குச் சொல்வோர் இக்கணக்கை மறைத்தலாகாது. 1951 இல் டில்லியில் நடைபெற்ற முதலாவது ஆசிய விளையாட்டு விழாவில் இந்தியா தங்கப் பதக்கம் வென்றபொழுது அணித்தலைவராயிருந்தவர் சைலேன் மன்னா. ஆவோ அவ்வணியில் இல்லை. அடுத்த ஆண்டுடன் கல்கத்தா ஆட்டங்களும் முடிந்தன.

பின்னர் அவர் கோகிமாவில் அரசாங்க வைத்தியராகப் பணியாற்றினார். நாகர் கிளர்ச்சியும் இராணுவ நடவடிக்கையும் மலைநாட்டை அலைத்த ஆண்டுகள் அவை. 1963 இல் நாகலாந்து தனி மாநிலமாயிற்று. அவ்வாண்டிலேயே அவர் அதன் சுகாதார சேவைப் பணிப்பாளர் ஆனார். 1978 இல் ஓய்வு பெற்று, 1998 செப்டெம்பர் 13 ஆம் நாள் காலமானார். 2009 முதல் வடகிழக்கு மாநிலங்களுக்கிடையே அவர் பெயராற் கிண்ணப் போட்டி ஒன்று நடத்தப்பட்டது. உதைபந்துக்கென வைத்த அக்கிண்ணத்தின் பெயர் 'டொக்டர் ரி. ஆவோ கிண்ணம்'.