தொழில் மாறலாம், தெரு மாறுமா?

"எந்த ஊர் தம்பி?"

"திண்டிவனம் பக்கம் சார்."

"பக்கம்னா, எந்த ஊரு?"

தம்பி ஊர்ப் பெயரைச் சொல்கிறார்.

"ஊர்லயா, காலனியா?"

விழுப்புரம் மாவட்டத்தில் வேலை தேடும் நம் பிள்ளைகளிடம் பேசிப் பார்த்தால், இந்த மூணு கேள்வியும் ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துவிடுகின்றன. கடைசிக் கேள்வியை எல்லோரும் நேரடியாகக் கேட்பதில்லை. "மாரியம்மன் கோயில் பக்கமா?" என்பார்கள். "அப்பா என்ன செய்யறார்?" என்பார்கள். "உங்க ஊர்ல எனக்கு ஒருத்தரைத் தெரியும், அவர் வீட்டுக்குப் பக்கத்துலயா?" என்று உறவு கொண்டாடுவதுபோலவும் கேட்பார்கள். கேட்கப்படுவது என்ன என்பது இரண்டு பேருக்குமே தெரியும். ஜவுளிக்கடையில் விற்பனையாளர் வேலைக்குப் போனாலும் சரி, தனியார் பள்ளியில் ஆசிரியர் வேலைக்குப் போனாலும் சரி, படித்த படிப்பைப் பற்றிய கேள்விகள் அதற்கப்புறம்தான்.

தமிழ்நாட்டில் பெயரை வைத்துச் சாதியைக் கண்டுபிடிப்பது கடினம். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. அதன் பலனை இன்றும் அனுபவிக்கிறோம். வட மாநிலங்களில் அப்படி இல்லை. அங்கே பெயரே காட்டிக்கொடுத்துவிடும். பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட்டும் அமெரிக்க ஆய்வாளர் பால் அட்டவெல்லும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயருக்கு நேர்முகத் தேர்வு அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் வாய்ப்பு இருந்தது. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. விண்ணப்பித்த ஆளை யாரும் பார்க்கவில்லை, பேசவில்லை. பெயரைப் பார்த்ததோடு சரி.

அதே ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றுக்காக அஸ்வினி தேஷ்பாண்டேவும் கேத்தரின் நியூமனும் டெல்லியின் மூன்று பல்கலைக்கழகங்களில் படித்து முடித்து வேலை தேடிய மாணவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். தனியார் நிறுவனங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது "குடும்பப் பின்னணி" பற்றித்தான். அப்பா என்ன வேலை, அண்ணன் எங்கே இருக்கிறார் என்ற கேள்வி வசதியான வீட்டுப் பிள்ளைக்குச் சாதாரணமானது. கூலி வேலை செய்யும் அப்பாவின் மகனுக்கு, அந்த அறையிலேயே தொண்டை அடைக்கும்.

நமக்குப் பெயர் காட்டிக்கொடுப்பதில்லை. முகவரி காட்டிக்கொடுக்கிறது. சுயவிவரத்தில் "காலனி" என்று இருக்கும். மாற்றுச் சான்றிதழில் "ஆதிதிராவிடர் நலப் பள்ளி" என்று இருக்கும். அரசு ஆவணங்களிலிருந்து "காலனி" என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் முதல்வர் அறிவித்தார். அதே ஆண்டு ஜூலையில், அரசு விடுதிகள் எல்லாம் "சமூகநீதி விடுதிகள்" என்று அழைக்கப்படும் என்ற அறிவிப்பும் வந்தது. இரண்டையும் நாம் வரவேற்கிறோம். ஆனால் பெயர்ப்பலகை மாறிய தெருவும் ஊருக்கு வெளியே, அதே இடத்தில்தான் இருக்கிறது. "எந்தப் பக்கம்?" என்று கேட்பவர் பலகையைப் படித்துவிட்டுக் கேட்பதில்லை.

இந்தக் கேள்வி இல்லாத கதவு ஒன்று உண்டு. அரசு வேலை. இங்கே சாதி மறைக்க வேண்டிய விஷயமல்ல, சான்றிதழோடு முன்வைக்க வேண்டிய உரிமை. பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம், அதற்குள் 2009 முதல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு, பழங்குடியினருக்கு 1 சதவீதம். உள் ஒதுக்கீடு செல்லும் என்பதை உச்ச நீதிமன்றமும் 2024 ஆகஸ்ட் 1-ல் தீர்ப்பாகவே சொல்லிவிட்டது. அதனால்தான் நம் வீடுகளில் "ஒரு கவர்மெண்ட் வேலை" என்ற சொல்லுக்கு இத்தனை கனம். அதைச் சோம்பேறித்தனம் என்று கேலி செய்பவர்கள், தெருப் பெயரைச் சொல்லி வேலை இழந்த அனுபவம் இல்லாதவர்கள்.

ஆனால் அந்தக் கதவு எவ்வளவு அகலம்? 2024-ல் குரூப்-4 தேர்வு 6,244 இடங்களுக்கு அறிவிக்கப்பட்டது. பிறகு இடங்கள் கூட்டப்பட்டன. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். இதில் முதல் முயற்சியிலேயே தேறுபவர்கள் குறைவு. இரண்டு, மூன்று ஆண்டுகள் படிக்க வேண்டும். அந்த ஆண்டுகளுக்குச் சோறு யார் போடுவது?

வேலை தேடுவது பற்றி ஆலோசனை சொல்பவர்கள் "திறன் இல்லை, ஆங்கிலம் இல்லை" என்கிறார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் நம் பிள்ளைகளிடம் முதலில் இல்லாதது காத்திருக்க வசதி. அப்பா அம்மா கரும்பு வெட்டவோ செங்கல் சூளைக்கோ போய்விட்ட வீட்டில், பட்டம் முடித்த மகன் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதைத் தெருவே எண்ணிக்கொண்டிருக்கும். ஆறு மாதத்தில் அவன் பெயிண்ட் அடிக்கப் போவான். பெண் பிள்ளை என்றால் அந்த ஆறு மாதத்துக்குள் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானதால், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்துக்கு வந்து போகும் தங்கைகள் உண்டு. இப்படி ஒரு சின்ன உதவிகூட எத்தனை நாள் காத்திருப்பை வாங்கிக் கொடுக்கிறது பாருங்கள்.

அரசு தரும் வேலையற்றோர் உதவித்தொகை, பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். பிளஸ் டூ முடித்தவருக்கு 400, பத்தாம் வகுப்பு தேறியவருக்கு 300, தேறாதவருக்கு 200. அதுவும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஒரு குடும்பத்தின் மாத வருமானம் 6,000 ரூபாய்க்கு மேல் போனால் உதவி கிடையாது என்பதுதான் இதன் பொருள். இந்த வரம்பை உயர்த்தச் சொல்லி நம் அமைப்புகள் ஏன் இன்னும் உரக்கக் கேட்கவில்லை என்பது நமக்கு விளங்கவில்லை.

வேலை தேடுபவரின் கதை இப்படி என்றால், தொழிலை மாற்ற நினைப்பவரின் கதை இன்னும் கடினம்.

அண்ணல் அம்பேத்கரையே எடுத்துக்கொள்வோம். அவரைச் சட்டமேதையாகச் சிலையில் பார்க்கிறோம். அவர் வேலை தேடி அலைந்தவர், தொழில் மாற்றிப் பார்த்தவர் என்பதை அதிகம் பேசுவதில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917-ல் பரோடா சமஸ்தான வேலைக்கு வந்தார். அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்கள் கோப்புகளை அவர் மேசை மீது தூரத்திலிருந்து எறிந்தார்கள். தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் அடையாளத்தை மறைத்துத் தங்கி, பதினோராம் நாள் தடியோடு வந்தவர்களால் வெளியேற்றப்பட்டார். வேலையை விட்டு பம்பாய் திரும்பினார். பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழிலைத் தொடங்கினார். ஆலோசனை சொல்பவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர் வரவில்லை. 1918-ல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். அங்கேயும் ஆசிரியர்களுக்கான பொதுக் குடத்தில் அவர் தண்ணீர் எடுப்பதை ஆட்சேபித்தவர்கள் இருந்தார்கள். ஒன்றரை ஆண்டுக்குள் மூன்று தொழில், மூன்றிலும் அதே தடை.

இந்த அனுபவத்திலிருந்து அவர் ஒரு பொருளாதார முடிவுக்கும் வந்தார். 1936-ல் லாகூரில் பேசுவதற்காக எழுதி, பேச விடப்படாமல் தம் செலவிலேயே அச்சிட்ட "சாதி ஒழிப்பு" உரையில் அதைப் பார்க்கலாம். சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்கவில்லை, வேலை செய்பவர்களையே பிரித்து வைக்கிறது என்கிறார். காலம் மாறும்போது ஒரு தொழில் நலிந்து இன்னொரு தொழில் வளரும். மனிதன் நகர்ந்து போக முடிய வேண்டும். சாதி நகர விடுவதில்லை, அதனால் நாட்டில் வேலையின்மைக்குச் சாதி நேரடிக் காரணம் என்று வாதிடுகிறார். வேலையின்மை பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர்கள் இந்த உரையைத் தேடிப் படியுங்கள். பாடப்புத்தகம் சொல்லும் காரணங்களில் இது பெரும்பாலும் இருப்பதில்லை.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் பல நாட்கள் போராடினார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் வேலையைத் தனியாரிடம் கொடுக்காதே, எங்களை நிரந்தரம் செய் என்பது கோரிக்கை. ஆகஸ்ட் 13 நள்ளிரவில் அவர்கள் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அப்போது நமக்குள்ளேயே ஒரு விவாதம் எழுந்தது. நிரந்தரம் கேட்பது அவர்களை இதே தொழிலில் பூட்டிவைக்காதா, அதிலிருந்து வெளியேற்றச் சொல்வதல்லவா சரி என்று சிலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் வெளியேறி எங்கே போவது என்பதற்குப் பதில் இல்லாதபோது, இருக்கிற வேலைக்கு முழுச் சம்பளமும் பாதுகாப்பும் கேட்பதைத் தவறு என்று நாம் சொல்ல மாட்டோம். நிரந்தரச் சம்பளம் வாங்கும் தாயின் மகளால்தான் இரண்டு ஆண்டு காத்திருந்து வேறு வேலைக்குப் படிக்க முடியும்.

வெளியேறுவதற்குச் சட்டம் ஒன்று இருக்கிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ம் ஆண்டுச் சட்டம், அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு ரொக்க உதவி, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, குடும்பத்தில் ஒருவருக்கு மாதம் 3,000 ரூபாய்க்குக் குறையாத உதவித்தொகையுடன் தொழிற்பயிற்சி, மாற்றுத் தொழிலுக்கு மானியக் கடன் என்று வகை செய்கிறது. பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகை உண்டு என்பதைக் கவனியுங்கள். காத்திருப்புக்கு ஒரு செலவு உண்டு என்று ஒப்புக்கொண்ட சட்டம் இது. ஆனால் கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் பலன். ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலிக்குச் சாக்கடையில் இறங்கியவரின் பெயர் பல இடங்களில் பட்டியலில் ஏறவில்லை. சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. செத்தவர் குடும்பத்துக்கான தொகை உயர்ந்த வேகத்தில், இருப்பவர் வெளியேறும் வழி அகலமாகவில்லை.

சரி, வெளியேறியவர் சொந்தமாகக் கடை வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எங்கே வைப்பது? ஊர்த் தெருவில் வாடகைக்கு இடம் தர மாட்டார்கள். தன் தெருவில் வைத்தால் வாங்குபவர்களும் தன் தெருக்காரர்கள்தான். அதிலும் பாதி கடன். நம் பக்கத்தில் டீக்கடை, சிற்றுண்டிக் கடை போட்டவர்களில் நின்று நிலைத்தவர்கள் பெரும்பாலும் நெடுஞ்சாலை ஓரத்துக்கோ பேருந்து நிலையத்துக்கோ போனவர்கள். அங்கே வந்து டீ குடிப்பவருக்கு, போட்டவர் எந்தத் தெரு என்று தெரியாது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளை நம் பிள்ளைகள் விரும்புவதற்கும் சம்பளத்தோடு சேர்ந்து இது ஒரு காரணம். பஸ் ஏறி ஆலைக்குள் போய்விட்டால் அடையாள அட்டையில் எண்தான் இருக்கும். ஆனால் பலருக்கு அது ஒப்பந்த வேலை. ஆர்டர் குறைந்தால் முதலில் அவர்களைத்தான் அனுப்புகிறார்கள். நாலு ஆண்டு வேலை செய்தும் கையில் ஒரு காகிதம் இல்லாமல் ஊர் திரும்பி, அடுத்த இடத்தில் "முன் அனுபவம் இல்லை" என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

இவர்களுக்கு ஒரு தகவல். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் பணிச் சான்று தர வேண்டும் என்பது சட்டம். ஒப்பந்தக்காரர் இழுத்தடித்தால், உங்கள் பி.எஃப். கணக்கின் யூஏஎன் எண்ணை வைத்து இணையத்தில் பணி வரலாற்றை எடுக்கலாம். எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று அதில் இருக்கும். அதை அச்செடுத்து நேர்முகத் தேர்வுக்கு எடுத்துப் போங்கள். பி.எஃப். பிடிக்கவே இல்லை என்று தெரிய வந்தால் அதுவே தனிப் புகார்.

சொந்தத் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு, 2023-ல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இருக்கிறது. மாவட்டத் தொழில் மையம் வழியாக நடக்கிறது. 35 சதவீதம் மானியம், வட்டியில் 6 சதவீதம் அரசு ஏற்கிறது. கல்வித் தகுதி எதுவும் கேட்பதில்லை, 55 வயது வரை விண்ணப்பிக்கலாம். சிறிய தொகைக்கு தாட்கோ திட்டங்கள் உண்டு. சிக்கல் மீதித் தொகையைத் தர வேண்டிய வங்கியில் வருகிறது. விண்ணப்பத்தை வாயால் மறுத்து அனுப்பிவிடுவதுதான் வழக்கம். "அடுத்த மாசம் வாங்க" என்பார்கள். அடுத்த மாதம் மேலாளர் மாறியிருப்பார். மறுப்பை எழுத்தில் கேளுங்கள், காரணத்தோடு. அந்தக் கடிதம் கையில் இருந்தால் மாவட்டத் தொழில் மையத்தின் பொது மேலாளரிடமும் ஆட்சியரின் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வரிசையை விட்டு நகர வேண்டாம்.